சுவரில் ஏழு நிரை

நான் பாஸ் ஆனதற்கு என் திறமைதான் காரணம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடந்தது வேறு. எங்கள் பழைய பாஸ் மார்ச் மாதத்தின் நடுவில், ஹோட்டலின் முன் சுவருக்கு அடிப்பூச்சு முடிந்த கையோடு, கட்டாருக்குப் போய்விட்டார். விசா வந்துவிட்டதாம். ரோலரை வாளித் தண்ணீரில் போட்டது போட்டபடி கிடக்க, வேனில் ஏறிப் போனார். அந்த ரோலரை எடுத்துக் கழுவி, உதறி, நிழலில் தொங்கவிட்டவள் நான். என் தலைமை அந்த வாளியிலிருந்துதான் தொடங்கியது.

மேசன் வேலையோ பெயின்ட் வேலையோ, ஆட்களைச் சேர்த்து முன்னால் நின்று வேலை வாங்குகிறவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்பார்கள். மார்ச் மாதத்தில் ஒரு பெயின்ட் பாஸ் நுவரெலியாவை விட்டுப் போவது, தீபாவளிக்கு முந்தின நாள் தையல்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு போவதற்குச் சமம். ஏப்ரலில் சீசன். கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குளிரில் நடுங்கி, நடுங்கியதைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்குள் ஊரில் உள்ள ஹோட்டல் எல்லாம் முகம் கழுவிப் பவுடர் போட்டிருக்க வேண்டும். வருசம் முழுக்க மழையும் பனிமூட்டமும் குடித்துப் பச்சையாகிப்போன சுவர்களைச் சுரண்டி, கழுவி, வெடிப்பு அடைத்து, வெள்ளையாக்கிக் கொடுப்பது எங்களைப் போன்ற வெளிச்சுவர்க்காரர்களின் வேலை. உள்சுவர்க்காரர்கள் வேறு சாதி. அவர்கள் ஸ்டூலில் ஏறி, ரேடியோ கேட்டுக்கொண்டு, காற்றுப்படாமல் வேலை செய்கிறவர்கள். அவர்களை நாங்கள் மதிப்பதில்லை.

எங்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவர் ஹட்டனில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஹாஜியார். பாஸ் போன மறுநாளே வந்துவிட்டார். நாங்கள் எட்டுப் பேர், ஐந்து ஆண்கள், மூன்று பெண்கள், சுவரின் கீழே வரிசையாக நின்றோம். ஹாஜியார் நேர்முகப் பரீட்சை வைத்தார். (அவர் பேச்சில் ‘இருக்கு’ எல்லாம் ‘ஈக்கி’.)

“சிங்களம் ஒழுங்காப் பேச வாறவங்க யாரு?”

ஐந்து கை எழும்பியது.

“அதுல தண்ணி போடாதவங்க?”

என் கணவர் முதல் கேள்விக்குத் தூக்கிய கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். வேறு இரண்டு கைகளும் இறங்கின.

“அதுல போன்ல எந்நேரமும் சார்ஜ் ஈக்கிறவங்க?”

என் கை மட்டும் மேலே நின்றது.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மூன்று மாடிச் சுவர். ரோட்டைப் பார்த்த முகப்பு. “தங்கச்சி, இந்த முன் சுவர நீங்க முடிச்சுத் தாங்க. ஒழுங்கா வந்திச்சின்னா, இனி என்ட வேலைக்கெல்லாம் நீங்கதான் பாஸ். வரல்லன்னா அண்ணன்கிட்ட குடுத்துருவன். என்ன அண்ணன்?”

அண்ணன் என்றது என் கணவரை. அவர் “சரிங்க ஹாஜியார்” என்றார். எதற்குச் சரி என்பதைச் சொல்லவில்லை.

எனக்கு அந்தப் பதவி வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பல வருசம் கொழுந்து பறித்தவள். மலையில் பறிக்கிறவர்கள் எல்லாம் பெண்கள். பின்னால் நின்று பறிக்கச் சொல்கிறவர் மட்டும் ஆண். கங்காணிக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாது. எங்கள் கங்காணிக்குச் சத்தம் போடுவதும் ஒழுங்காகத் தெரியாது, தொண்டை கட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் வெந்நீரும் உப்பும் கொண்டுபோய்க் கொடுப்பதும் நாங்கள்தான். வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி எங்களையே ஏசுவார். அந்த இடத்தில் நின்று பார்க்க எனக்கு ஆசை. மக்களுக்குச் சேவை செய்வதற்கு அல்ல. அதிகாரம் பண்ணுவதற்கு.

முதல் பிரச்சினை, என்னை எப்படிக் கூப்பிடுவது என்பது. அதற்கு ஒரு முழுத் தேநீர் நேரம் போனது.

“பாஸ்னு பொம்பளையக் கூப்பிட்டா நல்லாவா இருக்கு?” என்றான் எங்கள் கூட்டத்தில் வாய்க்காரன். முன்பு ஆட்டோ ஓட்டியவன். பெயின்ட் அடிக்கும்போதும் ஹாரன் அடிக்கிற மாதிரித்தான் பேசுவான்.

“பாஸம்மான்னு கூப்பிடு” என்றாள் என்னோடு கொழுந்து பறித்து, என் பின்னாலேயே பெயின்டுக்கு வந்த சிநேகிதி.

“அப்படிக் கூப்பிட்டா சாமின்னு சூடம் ஏத்தச் சொல்லுவாங்க.”

“ஏன், ஏத்தினா என்னா? அந்தச் சூடத்தை உன் வாய்லயே வைக்கலாம்.”

கடைசியில் ‘பாஸ் அக்கா’ என்று முடிவானது. என் கணவர் மட்டும் ஒன்றும் கூப்பிடவில்லை. வீட்டில் கூப்பிடுகிற ‘ஏய்’, ‘இந்தா’ இரண்டையும் வேலைத்தளத்தில் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக அவர் வேறு வழி கண்டுபிடிக்கவும் மறுத்துவிட்டார். தேவைப்பட்டால் பக்கத்தில் வந்து நின்று இருமுவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் இவ்வளவு இருமியது கிடையாது.

இரண்டாவது காரியமாக நான் ஒரு சீர்திருத்தம் செய்தேன். புதிதாகப் பதவிக்கு வருகிற யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: முன்னால் இருந்தவர் செய்ததை மாற்றினேன்.

பழைய பாஸ் எங்களைப் படுத்திய பாடு ஒன்று உண்டு. பெயின்ட் அடிக்கும்போது எல்லாரும் ஒன்றாகத்தான் நகர வேண்டும். பலஞ்சியின் மேல் பலகையில் பாதிப் பேர், கீழ்ப் பலகையில் பாதிப் பேர். (பலஞ்சி என்பது சுவரோடு கட்டும் இரும்புக் குழாய்ச் சாரம்.) இடது மூலையில் தொடங்கி, ஒருவர் விட்ட இடத்தின் ஈரத்திலிருந்தே அடுத்தவர் பிடித்து, ஆமை ஊர்கிற மாதிரி வலது மூலைக்குப் போக வேண்டும். வேகமாக அடிக்கிறவர் மெதுவாக அடிக்கிறவருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூத்திரத்துக்குப் போவதென்றாலும் எல்லாரும் ஒரே நேரத்தில்தான். “ஏன் பாஸ் இப்படி?” என்று கேட்டால், “சொன்னதைச் செய்” என்பார். அதைவிட நீளமான விளக்கம் அவரிடம் இல்லை. எல்லாரையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் நினைப்போம்.

நான் ஒழுங்கில் நம்பிக்கை உள்ளவள். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று தெளிவாக இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்தும் பெரட்டு முடிந்ததும் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை கொடுப்பார்கள். இந்தத் தேயிலை வரிசை உன்னுடையது, அந்த வரிசை அவளுடையது. உன் நிரையில் ஒரு கொழுந்து விட்டால் நீதான் ஏச்சு வாங்க வேண்டும். அடுத்த நிரையில் நீ கை வைக்கக் கூடாது. துரைமார் செய்த காரியங்களில் குழப்பமில்லாத ஒன்று அது என்று எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

ஆகவே காலையில் ஹோட்டல் வாசலில் நானும் ஒரு பெரட்டு வைத்தேன். நூலில் நீலச் சுண்ணாம்புப் பொடி தடவி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மேலிருந்து கீழ் வரை கோடு தட்டினேன். ஏழு ஆட்கள், ஏழு நிரை. எல்லா நிரையும் ஒரே அகலம். ஜன்னல் அதிகம் உள்ள நிரைக்குக் கொஞ்சம் சலுகை. மேலே தொடங்கிக் கீழே வந்து முடிக்க வேண்டும்.

“அவங்கவங்க நிரை அவங்கவங்களுக்கு. முடிச்சவங்க போகலாம். யாருக்கும் யாரும் காத்திருக்கத் தேவையில்ல” என்றேன்.

கை தட்டினார்கள். உண்மையாகவே தட்டினார்கள். வாய்க்காரன், “பாஸ் அக்கா, நீங்க எலெக்சன் கேளுங்க, நான் ஆட்டோவுல மைக் கட்டுறேன்” என்றான். சிநேகிதி, “இவ்வளவு நாளும் அந்தாளு நம்மள எருமை மாடு மாதிரி ஒண்ணாக் கட்டி வச்சிருந்தாரு” என்றாள். என் கணவர் இருமினார். ஆனால் அது கேள்விக்கான இருமலா, குளிருக்கான இருமலா என்று விசாரிக்க எனக்கு நேரம் இல்லை. அவருக்குக் கடைசி நிரை கொடுத்திருந்தேன், மரத்தடிப் பக்கம்.

நுவரெலியாவில் வெளிச்சுவருக்குக் கிடைக்கிற பகல் குட்டையானது. காலையில் பனி காய்ந்து சுவர் தொடக்கூடியதாக வேண்டும். பிற்பகல் மூட்டம் இறங்குமுன் அடித்து முடிக்க வேண்டும். அன்றைக்கு நல்ல வெயில். ஏழு பேரும் ஏழு விதமான வேகத்தில் பறந்தார்கள். வாய்க்காரன் மற்றவர்கள் இரண்டாம் மாடியில் இருக்கும்போதே தரையில் குதித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வடை தின்றான். கடைசியாக முடித்தவர் என் கணவர். முடித்ததும் யாரையும் பார்க்காமல் போய் மரத்தடியில் உட்கார்ந்தார். பெயின்ட் படாத இடம் ஓர் அங்குலம் இல்லை; நான் பலகை பலகையாக ஏறிப் பார்த்தேன். அதற்குள் மூட்டம் வந்து சுவரை மூடிவிட்டது. திருப்தியாகச் சமைத்து, திருப்தியாகச் சாப்பிட்டு, ஹோட்டலின் பின்னால் எங்களுக்குக் கொடுத்திருந்த சாமான் அறையில் திருப்தியாகப் படுத்தேன்.

அடுத்த இரண்டு நாளும் மூட்டம் கலையவில்லை. மூன்றாம் நாள் காலை வெயில் வந்தது. சாய்ந்த வெயில், சுவரில் பக்கவாட்டாக விழுந்தது.

சுவரில் ஏழு நிரை தெரிந்தது.

சுண்ணாம்புக் கோடு எப்போதோ மறைந்துவிட்டது. தெரிந்தது பெயின்ட். ஒருவர் அடித்துக் காய்ந்துபோன ஓரத்தின் மேல் அடுத்தவர் வந்து தன் ஓரத்தை ஏற்றியிருந்த இடமெல்லாம் இரட்டைப் பூச்சாகி, மேலிருந்து கீழ் வரை கறுத்த பட்டை விழுந்திருந்தது. ஆறு பட்டை. பட்டைக்கு இடையில் ஒவ்வொரு நிரையும் ஒவ்வொரு வெள்ளை. தயிர், மோர், பழைய தயிர். பழைய பாஸ் ஏன் எங்களை ஒன்றாக ஊர வைத்தார் என்பது அந்த வெயிலில் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஈர ஓரத்தை ஈரமாகவே அடுத்தவர் பிடித்தால்தான் சுவர் ஒரே சுவராக இருக்கும். இதை அந்த மனுசன் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அவர் கட்டாரில் நன்றாக இருக்கட்டும், மணல் காற்றோடு.

அதோடு விட்டதா? ரோட்டில் நின்று பார்த்தால் ஒவ்வொருவர் குணமும் சுவரில் எழுதி ஒட்டியதுபோல் இருந்தது. வாய்க்காரனின் நிரை மெல்லிசாக, வளைந்து வளைந்து, லொறியை முந்தப்போகிற ஆட்டோ மாதிரி. சிநேகிதியின் நிரை தடிப்பாக, நிதானமாக. அவள் சாதத்துக்குக் குழம்பு ஊற்றுவதும் அப்படித்தான். என் கணவரின் நிரைதான் விசித்திரம். மூன்றாம் மாடியில் காற்றுப் பட்ட மாதிரி ஒரு பூச்சு. இரண்டாம் மாடியில் பரவாயில்லை. கீழ் மாடியில் வெண்ணெய். அவர் முகம் தரையை நெருங்க நெருங்க எப்படி மலர்ந்திருக்கும் என்பதைச் சுவரே காட்டியது.

அவருக்கு உயரம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். மலைப்பாதையில் பஸ் திரும்பினால் பள்ளத்துப் பக்கம் உட்காரமாட்டார். ஆனால் அதுவரை நாங்கள் அடித்ததெல்லாம் ஒரு மாடி வீடுகள், பாடசாலைக் கட்டடங்கள். மூன்று மாடிக்கு அவர் ஏறுவாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏழு ஆட்கள் இருந்தார்கள், ஏழு நிரை பிரித்தேன்.

ரோட்டில் மரக்கறி லொறி ஒன்று வேகம் குறைத்தது. உள்ளேயிருந்து ஒரு தலை வந்து, “எந்தக் கோயிலுங்க இது?” என்று கேட்டுவிட்டுப் போனது. பட்டையடித்த சுவரைப் பார்த்துக் கேட்கிறான். ஹோட்டல் மெனேஜர் வெளியே வந்தார். நல்ல மனுசர், சிங்களவர், எதையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்வார். நெடுநேரம் பார்த்துவிட்டு, “நங்கி, மேக்க டிசைன் எகக்த?” என்று கேட்டார். தங்கச்சி, இது ஏதாவது டிசைனா என்று. ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முதல் பூச்சு இப்படித்தான் இருக்கும் ஐயா என்று சிங்களத்தில் சொன்னேன். ஹாஜியார் என் சிங்களத்தை நம்பித்தான் என்னை எடுத்தார்.

ஹாஜியார் ஹட்டனிலிருந்து வந்து சேர்ந்தபோது பட்டைகள் இன்னும் தெளிவாகியிருந்தன. காரிலிருந்து இறங்காமலே கண்ணாடியை இறக்கினார்.

“என்ன புள்ள இது, வரிவரியா ஈக்கி?”

நான் சொன்னேன். நிரை பிரித்ததையும் சொன்னேன், ஏன் பிரித்தேன் என்பதையும் சொன்னேன். பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை. சாட்சி மூன்று மாடி உயரத்துக்கு நின்றது.

“தேயிலைக்குப் பிரிக்கிற மாதிரி சுவரப் பிரிச்சீங்களா?” அவர் சிரிக்கவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. “தங்கச்சி, இன்னும் ஒரு பூச்சு ஈக்கி. அதுல கோடு தெரியாமப் போச்சின்னா நான் ஒண்ணும் பார்க்கல்ல. தெரிஞ்சிச்சின்னா அண்ணன்தான் பாஸ். அண்ணன், நீங்க என்ன சொல்றீங்க?”

என் கணவர் ஒரு படி முன்னால் வந்தார். “நான் என்னத்தங்க சொல்ல. குடுத்தா பார்ப்பேன்.”

குடுத்தா பார்ப்பேன்! ஒன்றாக ஒரே பானையில் சாப்பிடுகிறவர் சொல்கிற பேச்சு. கார் போன பிறகு நான் அவரைப் பார்த்தேன். அவர் தாராளமாகத் திருப்பிப் பார்த்தார்.

“ஏங்க, உங்களுக்கு பாஸ் ஆகணுமா?”

“ஆகணும்னு இல்ல. ஆனா வேணாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா?”

“நிரை பிரிச்சப்ப இருமுனீங்களே, அது எதுக்கு?”

“பழைய பாஸ் அப்படிச் செய்ய மாட்டாரேன்னு தோணுச்சு. ஏன்னு தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்றது? இருமத்தான் முடியும்.”

நான் போனை எடுத்தேன்.

மறுநாள் வெயில் வரும் என்று போனில் பார்த்து வைத்துக்கொண்டேன். காலைப் பெரட்டில் என் சீர்திருத்தத்தை நானே வாபஸ் வாங்கினேன். பதவியில் இருக்கிறவர்கள் ஏன் இதைச் செய்யத் தயங்குகிறார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது. முகம் எரியும்.

“இன்னைக்கு நிரை கிடையாது. பழைய மாதிரி. மேல் பலகையில மூணு பேர், கீழ்ப் பலகையில மூணு பேர். எல்லாரும் ஒண்ணாத்தான் நகரணும். ஒரு மாடி முடிஞ்சு பட்டி வந்தாத்தான் நிக்கலாம்.”

பட்டி என்பது ஒவ்வொரு மாடிக்கும் இடையில் சுவரில் வெளியே தள்ளி ஓடும் சிமெந்து விளிம்பு. அதில் நிறுத்தினால் கோடு தெரியாது. அதையும் இந்தத் தடவை சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன், சொல்லாமல் விட்டதால் வந்த வினையைத்தான் நேற்றே பார்த்தோமே.

“அப்ப முடிச்சவங்க போகலாம்னீங்களே?” என்றான் வாய்க்காரன்.

“சுவர் முடிஞ்சா போகலாம்.”

“அன்னைக்கு எலெக்சன் கேக்கச் சொன்னது தப்பாப் போச்சு. வாக்குறுதி குடுத்து மாத்துறதுக்கு நீங்க இப்பவே ரெடி.”

“அண்ணே, வாய மூடிக்கிட்டு மேல ஏறு” என்றாள் சிநேகிதி. ஏறினான். அவன் கோபமெல்லாம் ஒரு வடை அளவுதான்.

மேலே மூன்று, கீழே மூன்று. ஆறு. ஏழாவது ஆள் தரையில் நின்று பெயின்ட் கலக்கி, வாளியைக் கயிற்றில் கட்டி அனுப்ப வேண்டும். பெயின்ட் தடைப்பட்டால் வரிசை நிற்கும். வரிசை நின்றால் ஓரம் காயும். ஓரம் காய்ந்தால் கோடு விழும். கோடு விழுந்தால் என் கதை முடிந்தது. யாரைக் கீழே நிறுத்துவது என்பது சங்கடமான கேள்வி. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் கணவரைப் பார்க்காமல் இருக்க எல்லாரும் பாடுபட்டதிலிருந்து, அந்தச் சுவரை எல்லாரும் நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கலவை ஆள் என்றால் எங்கள் வேலையில் கடைசி ஆள். புதிதாக வருகிறவர் செய்வது. என் கணவர் என்னைவிட முந்தி பெயின்டுக்கு வந்தவர். எனக்கு பிரஷ் பிடிக்கக் காட்டித் தந்தவரே அவர்தான். அவரை மேலே ஏற்றினால் அவர் இடத்தில் வரிசை பிந்தும். கீழே நிறுத்தினால் பொண்டாட்டி பாஸ் ஆனதும் புருசனை வாளி தூக்க வைத்தாள் என்று ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பேச்சு போகும். தோட்டத்தில் எந்தக் கங்காணியும் சொந்தக்காரனை இப்படி இறக்கமாட்டான். சொந்தக்காரனுக்கு நல்ல நிரை கொடுக்கத்தானே கங்காணி ஆவதே.

அவரே கலவைக்குப் போகிறேன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ரோலரைக் கையில் எடுத்து, ஏணியின் முதல் குழாயில் கால் வைத்தார். மேலே பார்த்தார். ரோலரை அக்குளில் இடுக்கி, இரண்டு கையாலும் குழாயைக் கட்டிக்கொண்டார். ஆனாலும் இரண்டாவது குழாயிலும் கால் வைத்தார்.

“ஏங்க, இறங்குங்க. கலவை நீங்க பாருங்க.”

“நான் ஏறுவேன்.”

“ஏறுவீங்க. ஆனா நகர மாட்டீங்க.”

பலஞ்சியில் இருந்த ஆறு பேரும் சட்டென்று தங்கள் பிரஷ் மயிரை ஆராயத் தொடங்கினார்கள். அவர் இறங்கினார். ரோலரைப் பலகையில் வைத்தார், எறியவில்லை. போய்க் கலவைக் கம்பை எடுத்தார்.

அன்றைக்கு இருமலே இல்லை. பெயின்டை வடிகட்டி, ஒவ்வொரு வாளிக்கும் தண்ணீர் ஒரே அளவாகச் சேர்த்து, மேலேயிருந்து கேட்பதற்குமுன் வாளி ஏறிக்கொண்டிருந்தது. நான் பலகையில் ஏறி இறங்கி, “மேல போங்க”, “கீழ நில்லுங்க”, “ஓரத்தைப் பிடி, ஓரத்தைப் பிடி” என்று கத்திக்கொண்டே இருந்தேன். மூன்றாம் மாடி முடிந்து பட்டியில் நின்றோம். இரண்டாம் மாடி. கீழ் மாடி. வாய்க்காரன் மூத்திரத்துக்குக் கேட்டபோது நான் பழைய பாஸ் சொன்னதையே சொன்னேன். மூட்டம் ஏரிப்பக்கத்திலிருந்து கிளம்பி வந்தபோது கடைசி மூலையில் சிநேகிதி கடைசி இழுப்பு இழுத்தாள்.

அடுத்த வெயிலில் ஹாஜியார் வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். சுவரில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் நீளத்துக்குப் பார்த்தார். தாடியில் பெயின்ட் பட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இப்ப சுவரு மாதிரி ஈக்கி. பாஸ் நீங்கதான் தங்கச்சி. பின் சுவரையும் எடுங்க. அதுக்கப்புறம் ஹட்டன்ல ஒரு பேங்க் கட்டடம் ஈக்கி.”

நான் தலையாட்டினேன். எல்லாரும் ஆளுக்கொரு மாதிரி வாழ்த்தினார்கள். வாய்க்காரன் சாந்துக்கட்டியைத் தேங்காய் மாதிரி என் காலடியில் உடைத்தான். அதை அவனையே கூட்டி அள்ளச் சொன்னேன்.

என் கணவர் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிசு கீழே, சிறிசு மேலே. நான் அடுக்குவதைவிட நேர்த்தி. பக்கத்தில் போனேன்.

“நான் பின் சுவருக்கு வரல” என்றார்.

“ஏன்?”

“உள்ள ரூம் அடிக்கிற பாஸுக்கு ஆள் வேணுமாம். பேசிட்டேன்.”

“உள்சுவருக்கா?” இதை நான் கொஞ்சம் அதிகச் சத்தமாகக் கேட்டுவிட்டேன். பிறகு தணித்துக்கொண்டேன். “இறக்கினதுக்குக் கோவமா?”

“நீ இறக்கினது சரி.” கடைசி வாளியைக் கவிழ்த்தார். “தப்பா இருந்தா சண்டை போட்டுட்டு உன்கூடவே வந்திருப்பேன். சரியாப் போச்சு. அதான் போறேன்.”

இரவுச் சோறு வழக்கம்போல ஒரே சட்டியில்தான். சாப்பிடும்போது பேங்க் கட்டடம் எத்தனை மாடி என்று கேட்டார். நாலு என்றேன். நல்ல வேளை என்றார்.

பின் சுவரைத் தொடங்கியபோது எனக்கு ஆறு ஆட்கள்தான். கலவைக்கு ஒருவர் போக, வரிசையில் ஓர் இடம் காலி. நானே பிரஷ் எடுத்துக்கொண்டு கீழ்ப் பலகையில் நின்றேன். கத்துவதை அங்கேயிருந்தும் செய்யலாம். இரண்டாம் மாடியின் பாதியில், நாங்கள் அப்போதுதான் அடித்து நகர்ந்திருந்த இடத்தில், ஒரு ஜன்னல் உள்ளிருந்து வெளியே திறந்தது. கதவின் விளிம்பு ஈரச் சுவரில் உரசி, முழங்கை நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தது. ஜன்னலில் என் கணவர். பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. காலடியில் ஸ்டூல். கையில் தேநீர்க் கோப்பை, ஆவி பறந்தது.

“ஏங்க, வெளிச்சுவர் அடிக்கிறப்ப ஜன்னல் திறக்கக் கூடாதுன்னு உங்க பாஸ் சொல்லலையா?”

“எங்க பாஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றார். “அதான் நல்லாருக்கு.”

சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் மேல் பலகை ஆட்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டிக் கையை நீட்டி அவர் போட்ட கோட்டை ஒரு இழுப்பில் மூடிவிட்டு, ஓரம் காய்வதற்குள் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தேன்.